சீமைப்பலா மரத்தடியில் நின்றவன்

அபெரிலாவுக்கு ஒருவரின் முதுகு தெரிந்தால் போதும், ஆளைச் சொல்லிவிடுவாள். வைத்தோலு கிராமத்தில் இது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. படகுத்துறையிலிருந்து வரும் மரக்கூண்டு பஸ் வளைவில் திரும்பும்போதே, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு முழங்கையைப் பார்த்துவிட்டு, "பாதிரியாரோட மச்சினி வர்றா. இன்னும் ரெண்டு தேங்காய் உடைக்கச் சொல்லுங்க" என்பாள். பஸ் நின்றதும் மச்சினிதான் இறங்குவாள். கடை வாசலில் உட்கார்ந்து புகையிலை சுருட்டும் கிழவர்கள், அவளை எப்படியாவது ஏமாற்றிவிட வேண்டும் என்று ஒருவர் சட்டையை ஒருவர் மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்து பார்த்தார்கள். நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் சவாயீ தீவின் மறுகோடியில், எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரில் பிறந்தவள். படிப்பு எட்டோடு நின்றது. ஊருக்கு ஊர் நடக்கும் கிரிகிதி பந்தாட்டத்துக்கு வைத்தோலு அணி வந்திருந்தபோது, யாக்கோபோ என்கிற பையன் அடித்த பந்து அவர்கள் வாழைத்தோட்டத்தில் வந்து விழுந்தது. அபெரிலா பந்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பந்தைக் குடு."

"கேக்கிற மாதிரி கேளு."

அவன் கேட்கிற மாதிரி கேட்கக் கற்றுக்கொண்டு வந்து கல்யாணம் பேச இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

கணவன் ஊருக்கு வாழவந்தவள் அங்கே குரல் உயர்த்தக் கூடாது. விருந்தில் பரிமாறலாம், எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிடலாம். சபையில் அவள் சார்பாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், கணவன் குடும்பத்தின் பட்டம் பெற்ற தலைவர், மத்தாய் என்பார்கள், அவர்தான் சொல்ல வேண்டும். அபெரிலா அந்த வழக்கத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. அக்காள் அனுப்பி வைத்த டின் மீன் பெட்டிகளை வைத்துச் சாலையோரம் ஒரு கடை போட்டாள். ரொட்டி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, துணிச்சுருள் வந்தது. பேசக் கூடாதவளிடம் ஊரே தேடி வந்து பேசியது.

அந்த ஊரில் ஒருவர் யார் என்பதை அவர் முகத்துக்கு முன்னால் அவர் இடம் சொல்லிவிடும். சபைக் கூடத்துக்குச் சுவர் கிடையாது, சுற்றிலும் தூண்கள்தான். ஒவ்வொரு தூணும் ஒரு மத்தாய்க்கு உரியது. இன்ன தூணில் சாய்ந்திருப்பவர் இன்னார் என்பதில் சந்தேகமே வராது. ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்ட ஒருவருடைய தூணில் அவர் தம்பி வந்து உட்கார்ந்தார். சபையை வணங்கிப் பேச்சைத் தொடங்கும் பேச்சாளர் தூணைப் பார்த்தார், அண்ணனின் பட்டத்தையே நீட்டி முழக்கி வணக்கம் சொன்னார். தம்பியும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். யாரும் திருத்தவில்லை.

சாயங்கால ஜெபத்துக்கும் அப்படித்தான். பொழுது சாயும்போது வீடு திரும்ப முதல் சங்கு, ஜெபம் தொடங்க இரண்டாவது சங்கு ஊதும். அதன் பிறகு சாலையில் யாரும் நடக்கக் கூடாது, வண்டி ஓடக் கூடாது. வீட்டுக்கு வீடு விளக்கை ஏற்றித் தலைகுனிந்து பாடுவார்கள். ஊர் இளைஞர்கள் மட்டும் சாலையோரம் இடைவெளி விட்டு நின்று, மீறி வருகிறவர்களை நிறுத்தக் காவல் காப்பார்கள். எல்லோருக்கும் ஒரே லாவாலாவா, இடுப்பில் சுற்றும் துணி. அந்த வருஷத்து லாவாலாவா ஊதா நிறம், வெள்ளைப் பூ. அபெரிலாவின் கடையில்தான் ஒரே சுருளிலிருந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். காவலிலும் அவனவனுக்கு ஓர் இடம். கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீமைப்பலா மரத்தடி செமிசியுடையது. எசெதா என்கிற விதவையின் ஒரே மகன். தினமும் ஜெபம் முடிந்ததும் சாலையைக் கடந்து வந்து ஒரு ரொட்டி வாங்கி, அங்கேயே நின்று பாதியைத் தின்றுவிட்டு மீதியை அம்மாவுக்கு எடுத்துப் போவான்.

கல் விழுந்த சாயங்காலம் அபெரிலாவும் தலைகுனிந்துதான் இருந்தாள். கண்ணையும் மூடியிருந்தாள். சாலையில் ஒரு டாக்ஸி வேகம் குறைக்காமல் வரும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். ஜெபத்தின் நடுவே கண் திறந்தது அந்த ஊரில் அவள் ஒருத்திதான். டாக்ஸியின் விளக்கு அவள் முகத்தில் அடித்தது. எதிரே மரத்தடியில் ஊதா லாவாலாவா. ஒரு கை உயர்ந்தது. கண்ணாடி உடைந்தது. டாக்ஸி சாய்ந்துகொண்டே போய் நின்றது.

பின்சீட்டில் இருந்தவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைக்கும் சியெனி. கல் கண்ணாடியைத் தாண்டி அவள் முகத்தில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் காலை சார்ஜண்ட் ஃபெரெதி வந்தார். பெரிய உடம்பு, இனிமையான பேச்சு, கடையில் கொக்கோ வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"யாரைம்மா பாத்தே?"

"செமிசி மாதிரி இருந்தது."

"மாதிரியா, செமிசியா?"

"அந்த மரத்தடியில அவன்தானே நிப்பான்."

சார்ஜண்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஒரே ஒரு படம். தேவாலயப் பாடகர் குழுவின் படத்திலிருந்து வெட்டியது. செமிசி சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன்தானே?"

"ஆமா, இதுதான் செமிசி."

"பலே. உன் கண்ணுக்குத் தப்புமா? இந்த ஊர்ல முதுகை வச்சே ஆளைச் சொல்றவ நீ."

அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் புகையிலைக் கிழவர்களிடம் கதையைச் சொன்னபோது "மாதிரி" என்ற சொல் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தபோது அவன் மூக்கும் நெற்றியும் தெளிவாக நினைவில் இருந்தன. முதல் தடவை சொன்னபோது அந்த நினைவில் இருட்டு இருந்தது, முகத்தில் அடித்த விளக்கு இருந்தது. மூன்றாம் தடவை சொன்னபோது இரண்டும் போய்விட்டன, செமிசியின் முகம் மட்டும் பட்டப்பகல்போல நின்றது.

செமிசி, தான் அன்றைக்குத் தேவாலயத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றதாகச் சொன்னான். அன்று கிரிகிதி ஆட்டம் முடிந்து பையன்கள் ஓடிவருவதற்குள் சங்கு ஊதிவிட்டதாம், அவனவன் வந்த இடத்தில் நின்றார்களாம். பக்கத்தில் நின்ற பையன்களைக் கேட்டால் தலை குனிந்திருந்தோம் என்றார்கள். மரத்தடியில் யார் நின்றது என்று கேட்டால் ஒருவனும் வாய் திறக்கவில்லை, செமிசியும்தான். ஊரில் அபெரிலாவின் கண்ணுக்கு எதிரே அவன் பேச்சு எடுபடவில்லை. கைது செய்து கொண்டுபோனார்கள்.

செமிசியின் குடும்பத்து மத்தாய் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கத்தியோடு வருவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். விடியலில் குடும்பத்தோடு போய், சியெனி வீட்டு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, தலைமேல் நுண்பாயை, மெல்லிய ஓலை நாரில் பின்னிய விலை உயர்ந்த பாயை, போர்த்திக்கொண்டார்கள். அதற்கு இஃபோங்கா என்று பெயர். உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் பேசமாட்டார்கள். சியெனியின் அண்ணன் வெகுநேரம் கழித்து வந்து பாயை எடுத்தார். பன்றிகள் கைமாறின. சண்டை ஓய்ந்தது. குற்றம் செய்யாத வீடு தலையில் பாய் போடுமா என்று எல்லோரும் சொன்னார்கள், அபெரிலாவும் சொன்னாள்.

வழக்கு வருவதற்குச் சில வாரங்கள் இருந்தன. ஒருநாள் சாயங்காலம், முதல் சங்கு ஊதியதும் அபெரிலா கடைப் பலகையைச் சாத்த வெளியே வந்தாள். எதிரே மரத்தடியில் செமிசி நின்றுகொண்டிருந்தான். கையைப் பின்னால் கட்டி, ஒரு காலில் சாய்ந்து.

அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள், "ஏங்க, செமிசியை விட்டுட்டாங்க போலிருக்கு. வந்து நிக்கிறான்."

யாக்கோபோ விளக்குத் திரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது பாவுலோடி. செமிசி இடத்துல அவனைத்தானே நிக்க வச்சிருக்காங்க."

அவள் மறுபடி பார்த்தாள். செமிசிதான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் செமிசி. இரண்டாவது சங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் சாலையைக் கடந்தாள். பாதி சாலை வந்தபோதுதான் செமிசியின் முகம் கலைந்து பாவுலோவின் முகம் வந்தது. செமிசியைவிட அவன் ஒரு சாண் குட்டை. காது விரிந்த பையன்.

"என்னக்கா, கடனைக் கேக்க வந்தியா? உன் டின் மீன் காசை அம்மா நாளைக்குத் தருவாங்க" என்றான் பாவுலோ.

அவள் திரும்பி வந்தாள். அன்றைய ஜெபப் பாட்டு முடிந்ததும் கணவனிடம் சொன்னாள்.

"நான் அன்னைக்குச் செமிசியைப் பாக்கலைங்க. மரத்தைப் பாத்தேன். துணியைப் பாத்தேன். முகத்தை நானே எடுத்து ஒட்டிக்கிட்டேன்."

"சும்மா இரு. இஃபோங்காவெல்லாம் முடிஞ்சாச்சு."

"முடிஞ்சது உங்களுக்கு. அவன் உள்ள கிடக்கிறான்."

யாக்கோபோ கெட்டவன் இல்லை. அவன் பயம் வேறு. வாழவந்தவள் பேச்சால் இரண்டு ஊர் சமாதானம் கலைந்தால், சபையில் தலைகுனிய வேண்டியவர் அவன் பெரியப்பா, குடும்பத்து மத்தாய் ஃபூயாவா. அவரிடம் போய்ச் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்றான். சரி என்று இருவரும் போனார்கள். ஃபூயாவா தன் தூணில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அவளைப் பார்க்காமல் யாக்கோபோவைப் பார்த்துப் பேசினார்.

"உன் பொஞ்சாதிக்கு அன்னைக்குக் கண்ணு தெரிஞ்சது. இன்னைக்கு ஏன் தெரியலையாம்?"

"அன்னைக்கும் தெரியலை மாமா, இன்னைக்குத்தான் அது தெரிஞ்சது" என்றாள் அபெரிலா.

கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நேராகப் பேசிவிட்டாள்.

"அவங்க பாயைப் போத்திக்கிட்டாங்க. இவங்க எடுத்துட்டாங்க. போத்தின பாயைத் திருப்பிப் போத்த முடியாது" என்றார் ஃபூயாவா. "கோர்ட்ல ஏற்கெனவே சொன்னதைச் சொல்லிட்டு வா. பையன் கொஞ்ச நாள் இருந்துட்டு வருவான். சின்ன வயசு."

"சின்ன வயசுன்னா உள்ள சீக்கிரம் விடியுமா மாமா?"

அவர் போகலாம் என்பதற்கு அடையாளமாக விசிறியைக் கீழே வைத்தார்.

அடுத்து சார்ஜண்ட். போலீஸ் நிலையத்துக்குப் பஸ்ஸில் தனியாகப் போனாள். ஃபெரெதி சிரித்தபடி நாற்காலி போட்டார். கேட்டு முடித்தபோது சிரிப்பு இல்லை.

"யாரோ உன்னை மிரட்டியிருக்காங்க."

"யாரும் மிரட்டலை."

"எசெதா வந்து அழுதாளா?"

"எசெதா என் கடைப் பக்கம் காறித் துப்பிட்டுப் போறா. அவ எங்க அழுறது?"

"அப்ப என்ன ஆச்சு? கையெழுத்துப் போட்டிருக்கே. உறுதியாத் தெரியும்னு எழுதியிருக்கு."

"உறுதியாத்தான் இருந்தது. உறுதி இருந்தா சரியா இருக்கும்னு நெனச்சேன். நீங்க ஒரு படத்தைக் காட்டினீங்க. எனக்குத் தெரிஞ்ச பையன். இவன்தானேன்னா ஆமான்னுதானே சொல்லுவேன்? என் புருஷன் படத்தைக் காட்டியிருந்தா அதையும் ஆமா இது யாக்கோபோன்னு சொல்லியிருப்பேன்."

பின்னால் தட்டச்சு செய்துகொண்டிருந்த போலீஸ்காரப் பெண் சிரிப்பை இருமலாக்கினாள்.

"மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சின்னு உன்னையே உள்ள வைக்கலாம், தெரியுமா?" என்றார் சார்ஜண்ட்.

"வைங்க. அவன் இடத்துல நான் நின்னா ஒருவேளை அங்கயும் என்னைச் செமிசின்னே நெனப்பாங்க."

வழக்கு நாள் வந்தது. கோர்ட்டில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, காற்று வரவில்லை. வைத்தோலுக்காரர்கள் ஒரு பக்கம், பக்கத்து ஊர்க்காரர்கள் மறுபக்கம். சியெனி கண்மேல் வெள்ளைத் துணி கட்டி முன்வரிசையில் இருந்தாள். எசெதா கடைசி பெஞ்சில் தனியாக. ஃபூயாவா வரவில்லை. அபெரிலாவின் அக்காள் மட்டும் தீவின் மறுகோடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, தங்கை திரும்பினால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அரசு வக்கீல் தலைநகர் ஆபியாவிலிருந்து வந்தவர், இளைஞர், கழுத்துப்பட்டை இறுகிக் கழுத்து சிவந்திருந்தது.

"கல்லை எறிந்த ஆளை நீங்கள் பார்த்தீர்கள், இல்லையா?"

"ஒரு கையைப் பாத்தேன். ஊதாத் துணியைப் பாத்தேன்."

"அந்த ஆள் இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா? காட்டுங்கள்."

செமிசி கூண்டுக்குள் நின்றான். மெலிந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கோர்ட்டு முழுக்க அவள் விரல் எங்கே நீளும் என்று பார்த்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

பெஞ்சுகளில் சலசலப்பு எழுந்தது. வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

"இது உங்கள் கையெழுத்துதானே? அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா?"

"ரெண்டு தடவையும் பொய் சொல்லலை. அப்போ தப்பாச் சொன்னேன். பொய் சொல்றவளுக்குத் தான் சொல்றது பொய்னு தெரியும். எனக்குத் தெரியலை. அதுதான் பொய்யை விட மோசம்."

"இத்தனை நாளாகத் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது?"

அவள் பாவுலோ நின்ற சாயங்காலத்தைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை: எந்தச் சங்கு, வெளிச்சம் எவ்வளவு, கணவன் என்ன சொன்னான், சாலையில் எந்த இடத்தில் முகம் மாறியது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். வக்கீல் விடவில்லை.

"அம்மா, வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிற முகம். அடையாளம் தெரியாது என்கிறீர்களா?"

"தினமும் பாக்கிறதாலதான் சார் தப்பு. தெரியாத ஆளா இருந்தா உத்துப் பாத்திருப்பேன். எங்க ஊர்ல யாரும் யாரையும் உத்துப் பாக்கிறதில்லை. எந்தத் தூண்ல யாரு, எந்த மரத்தடியில யாருன்னு எங்களுக்குத் தெரியும். இடத்தைப் பாத்தாப் போதும், மீதியை மனசு போட்டுக்கும்." அவள் கூண்டைக் காட்டினாள். விரல் செமிசியை நோக்கி நீளவில்லை, கூண்டின் மரக்கம்பியை நோக்கி நீண்டது. "இப்பவும் அதைத்தான் செய்யச் சொல்றீங்க. அந்தக் கூண்டுக்குள்ள யாரை நிக்க வச்சிருந்தாலும் அவன்தான்னு கையைக் காட்டத் தோணும். உங்களையே உள்ள விட்டுட்டு என்னைக் கேட்டா, நீங்களும் கல்லெறிஞ்ச மாதிரிதான் தெரிவீங்க."

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. நீதிபதி சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. வேறு சாட்சி இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்டார். இல்லை.

இடைவேளையில் வராந்தாவில் சியெனி வந்து எதிரே நின்றாள். இருந்த ஒரு கண்ணால் அபெரிலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ என் கண்ணை எடுத்தவன் யாரு?"

"தெரியலை சியெனி."

"உனக்கு ரெண்டும் நல்லா இருக்கு. அப்படியும் தெரியலைன்றே."

"தெரியலை. தெரிஞ்ச மாதிரி சொன்னதாலதான் போலீஸ் வேற யாரையும் தேடலை. அது என் தப்பு. அதுக்காக இன்னொரு பேரைச் சொல்லி உன்னை ஆத்த மாட்டேன்."

சியெனி திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அண்ணன் வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

சாயங்காலம் செமிசியை விடுவித்தார்கள். எசெதா மகனைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். அபெரிலாவைத் தாண்டித்தான் போனாள். திரும்பவில்லை.

அடுத்த சபையில் ஊர் தன் தீர்ப்பைச் சொன்னது. இஃபோங்காவைக் கேலிப்பொருளாக்கியதற்காக யாக்கோபோ குடும்பம் பன்றியும் டின் மீன் பெட்டிகளும் கொடுக்க வேண்டும். மழைக்காலம் முடியும்வரை கடை திறக்கக் கூடாது. ஜெபத்தில் கண் திறந்ததற்குத் தனியாக ஒரு கண்டனம். டின் மீனை அவள் தன் கடை அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். பெட்டிகளைச் சுமந்து போக வந்த பையன்களிடம், "பாத்துத் தூக்குங்கடா, மூடி நசுங்கினா அதுக்கும் என்னையே சாட்சிக்குக் கூப்பிடுவாங்க" என்றாள்.

ஒரு காரியம் மிச்சம் இருந்தது. செமிசி வீட்டுக்குத் தனக்காக ஓர் இஃபோங்கா நடத்தும்படி ஃபூயாவாவிடம் கேட்டாள். அவர் முடியாது என்றார். அடித்தவனுக்கும் கொன்றவனுக்கும்தான் அது. தப்பாகப் பார்த்ததற்கு யாரும் செய்ததில்லை, வழக்கம் கிடையாது.

"வழக்கம் இல்லாத தப்பைத்தானே பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அக்காள் தன் கல்யாணத்துக்கு வந்த நுண்பாயை எடுத்துக் கொடுத்தாள். மடிப்பு மாறாமல் வைத்திருந்த பாய். விடியலில் அபெரிலா தனியாகப் போய் எசெதா வீட்டு முன்னால், கூழாங்கல் பரப்பில் உட்கார்ந்து பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டாள். மத்தாய் இல்லை, குடும்பம் இல்லை. தெருவில் போன நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். பாய்க்குள் அனல் ஏறியது. உள்ளே எசெதா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பெருக்கும் சத்தம் கேட்டது. தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே நிதானமாகத் துருவினாள்.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் காலடி வந்து நின்றது.

"இன்னும் எவ்வளவு நேரம் உக்காருவே?"

"நீங்க எடுக்கிறவரைக்கும்."

"எடுக்காட்டா?"

"உக்காந்திருப்பேன்."

எசெதா மூச்சை இழுத்து விட்டாள். "கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தெரியாது, மூடாம பாக்கவும் தெரியாது. என் பிள்ளை நின்னு தின்ன ரொட்டிக்காவது ஒரு தடவை நிமிந்து அவன் மூஞ்சியைப் பாத்திருக்கலாமில்ல நீ."

அபெரிலா பாய்க்குள் இன்னும் தாழக் குனிந்தாள்.

"எந்திரி. மண்டை காஞ்சா நாளைக்கு என்னைப் பாத்து வேற யாரோன்னு சொல்லுவே" என்று எசெதா பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கஞ்சி கொடுத்தாள். பாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இன்னும் அந்த வீட்டு உத்தரத்தில்தான் இருக்கிறது.

மழைக்காலம் முடிந்து கடை திறந்தது. செமிசி ஜெபம் முடிந்ததும் ரொட்டி வாங்க வந்தான். அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தை விளக்கடியில் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு, மேல் பல்லில் ஒரு சந்து. இரண்டும் சிறுவயதிலிருந்தே இருப்பவை என்றான். "என்னக்கா, விலைக்கு வாங்கப் போறியா?" என்று கூச்சத்தோடு கேட்டான்.

கல்லெறிந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. புகையிலைக் கிழவர்கள் தங்களுக்குள் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அவளிடம் அதைச் சொல்ல வந்தால் உப்பு மூட்டையைத் தூக்கி ஓரம் வைக்கச் சொல்லி வேலை கொடுத்துவிடுகிறாள்.

கொஞ்ச நாளைக்கு முன்பு சார்ஜண்ட் ஃபெரெதி மறுபடி வந்தார். படகுத்துறையில் என்ஜின் திருட்டாம். கொக்கோ கேட்டார். பழைய பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"இவனை இந்தப் பக்கம் பாத்தியா?"

அபெரிலா படத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணை மட்டும் கொண்டாராதீங்க. அவனை மாதிரியே இருக்கிற ஏழெட்டுப் பேரு படத்தோட சேத்துக் கொண்டாங்க. நீங்களும் வராதீங்க. எவன் மேல சந்தேகம்னே தெரியாத ஒரு ஆளை அனுப்புங்க. அவரு வாயை மூடிக்கிட்டு நிக்கட்டும், நான் பாக்கிறேன். தெரிஞ்சா சொல்றேன். தெரியலைன்னா தெரியலைம்பேன், அதையும் அப்படியே எழுதிக்கணும்."

"இதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்?"

"செமிசி உள்ள இருந்தப்ப நேரம் இருந்ததே."

சார்ஜண்ட் கவிழ்ந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். படத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கொக்கோவையாவது குடுப்பியா?"

"அது தருவேன்" என்றாள். "அடுப்புல என்ன இருக்குன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்."